ரத்தப் பையில் ஒட்டுண்ணி நுழையாமல் காப்பது எப்படி: கொடையாளரின் நாற்காலியிலிருந்து நோயாளியின் கட்டில் வரை

மலேரியா என்றாலே கொசுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கொசுவே எட்டிப் பார்க்காத அறையில், வெள்ளை விரிப்பில் படுத்திருக்கும் நோயாளிக்கும் மலேரியா வரலாம். அவருக்கு ஏற்றிய ரத்தத்தில் அது இருந்தால் போதும். ரத்தம் ஏற்றியதால் மலேரியா வந்த செய்தி 1911-லேயே பதிவாகிவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கதவு இன்னும் முழுசாக மூடப்படவில்லை.

ரத்த வங்கிகளில் எச்ஐவிக்கும் மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும் கொடுக்கிற கவனத்தை ஒட்டுண்ணிகளுக்குக் கொடுப்பதில்லை. படிவத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கும். "மலேரியா வந்ததுண்டா?" "இல்லை." ஒரு டிக். அடுத்தவர் வாருங்கள். கொடையாளர் தேர்வு மேசையில் உட்கார்ந்து பழகிய அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஒரு டிக்கில்தான் பாதி ஆபத்து உள்ளே வருகிறது.

ரத்த வங்கியில் புதிதாகச் சேர்ந்தவர்கள், முகாம் நடத்துகிறவர்கள், வார்டில் ரத்தம் ஏற்றுகிற மருத்துவர்கள், செவிலியர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ரத்தம் கொடுக்கிறவர்களும் படிக்கலாம், மூன்றாவது படியை அவசியம் படிக்கலாம். உங்கள் நாட்டு விதிமுறையில் நாள் கணக்கு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அந்தக் கணக்கு ஏன் அப்படி இருக்கிறது என்பது இதைப் படித்தால் புரியும்.

படி 1: ஒட்டுண்ணி ரத்தத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எந்தப் பரிசோதனைக்கு எந்தக் குழாயில் மாதிரி எடுப்பது, வடிகட்டி உதவுமா, உறைய வைத்தால் சாகுமா என்று பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் விடை இதற்குள் இருக்கிறது.

மலேரியாவும் பாபேசியாவும் சிவப்பணுவுக்குள் குடியிருப்பவை. பாபேசியா பலருக்குப் புதிய பெயராக இருக்கலாம். மான்கள் திரியும் காட்டோரங்களில் இருக்கும் சிறு உண்ணி கடித்துப் பரவுவது அது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சட்டென்று மலேரியா மாதிரியே தெரியும். சில சமயம் நான்கு ஒட்டுண்ணிகள் சிலுவைபோல ஒட்டி நிற்கும். அந்த அமைப்பு கண்ணில் பட்டால் பாபேசியாதான் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலை உண்டாக்கும் லீஷ்மேனியா, பூனையோடும் அரைகுறையாக வெந்த இறைச்சியோடும் தொடர்புள்ள டாக்ஸோபிளாஸ்மா ஆகிய இரண்டும் ரத்தத்தில் வெள்ளையணுக்களில் தங்குகின்றன.

சாகஸ் நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா குரூஸி எந்த அணுவுக்குள்ளும் ஒதுங்காமல் ரத்தத்தில் நீந்தும். மெக்ஸிகோ தொடங்கி அர்ஜென்டினா வரை, இரவில் தூங்குகிறவர்களைக் கடிக்கும் ஒருவகைப் பூச்சியின் எச்சம் வழியாக அது பரவுகிறது. பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் 1909-இல் இதைக் கண்டுபிடித்தார். ஒருமுறை உள்ளே வந்து, சிகிச்சை எடுக்காமல் விட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க உடம்பில் இருக்கும். பத்தில் இரண்டு மூன்று பேருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயத்தைப் பாதிக்கும். மற்றவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. அவர்களும் ரத்தம் கொடுக்க வருவார்கள்.

யானைக்கால் நோயின் நுண்புழுக்களும் ரத்தத்தோடு போகக்கூடியவைதான். ஆனால் அவை கொசுவின் உடம்பில் ஒரு பருவத்தைக் கழித்தால்தான் வளர்ந்த புழுவாக முடியும். அதனால் ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு யானைக்கால் வராது. காய்ச்சல், ஒவ்வாமை வரலாம். இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே தேவையில்லை.

எவ்வளவு காலம் ஒளிந்திருக்கும் என்பது அடுத்த விஷயம். பாபேசியா மாதக்கணக்கில், சிலரிடம் ஒரு வருடத்துக்கு மேலும், அறிகுறியே இல்லாமல் இருக்கும். மலேரியா வகைகளில் பிளாஸ்மோடியம் மலேரியே நாற்பது ஆண்டுகள் வரைகூட உடம்பில் தங்கியதுண்டு. இளமையில் வேறு தேசத்தில் வாழ்ந்து, இன்று பேரக் குழந்தை எடுத்துவிட்ட ஒருவரின் ரத்தத்திலும் அது இருக்கலாம். ரத்தம் கொடுக்க வருகிறவர் நோயாளி அல்ல, நல்ல உடம்போடு சிரித்துக்கொண்டே நடந்து வருகிறவர். சிக்கலே அதுதான்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். "ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். சிபிலிஸ் கிருமிக்கு அது சரி, குளிரில் சில நாட்களில் செத்துவிடும். மலேரியா 4 டிகிரியில் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும், அதைத் தாண்டியும் தொற்றியதுண்டு. பாபேசியா சிவப்பணுப் பையின் ஆயுட்காலம் கிட்டத்தட்ட முழுவதும், அதாவது ஐந்து வாரம்கூட, உயிரோடு இருக்கும். பையைப் பழசாக்கி ஒட்டுண்ணியைக் கொல்லலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

படி 2: உங்கள் கொடையாளர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள்?

உலகம் முழுக்கப் பொருந்தும் ஒரே பட்டியல் இதில் கிடையாது. உலக சுகாதார நிறுவனமே எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் நான்கையும் எல்லா நாடுகளும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. மலேரியா, சாகஸ் பரிசோதனைகளை அந்தந்த இடத்தின் நோய் நிலவரத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. ஆகவே முதலில் உங்கள் இடம் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மலேரியா உள்ளூரிலேயே பரவாத இடமென்றால் ஆபத்து பயணிகளோடும் குடியேறியவர்களோடும் வருகிறது. இவர்கள் இருவரையும் ஒரே கண்ணோடு பார்க்கக் கூடாது. சுற்றுலா போய்வந்தவருக்கு மலேரியா வந்தால் அவரைப் படுக்கையில் தள்ளிவிடும், மறைந்திருப்பது குறைவு. மலேரியா நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவருக்கோ சிறுவயதிலிருந்து பல தடவை கடிபட்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். ஒட்டுண்ணி ரத்தத்தில் இருந்தும் அவருக்குக் காய்ச்சலே வராது. அமெரிக்க விதியில் இந்த வேறுபாடு அப்படியே தெரிகிறது. 2020 முதல் அங்கே மலேரியா பகுதிக்குப் பயணம் போனவர் 3 மாதம் காத்திருந்தால் போதும், அங்கேயே வாழ்ந்து வந்தவர் 3 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

மலேரியா ஊரெங்கும் இருக்கும் இடத்தில் இந்த முறை நடக்காது. மலேரியா வந்தவரையெல்லாம் திருப்பி அனுப்பினால் ரத்தம் கொடுக்க யாரும் மிஞ்ச மாட்டார்கள், ரத்தம் இல்லாமல் பிரசவத்தில் தாய் இறந்துபோவாள். அங்கே இப்போது காய்ச்சல் உள்ளவரையும் சமீபத்தில் வந்து குணமானவரையும் மட்டும் தள்ளிவைத்து, ஒவ்வொரு பையையும் பரிசோதித்து, நெகட்டிவ் பைகளைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் ஒதுக்குவதுதான் நடைமுறையில் சாத்தியம். ஒட்டுண்ணி உள்ள பையைக் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், வாங்கிக்கொள்பவருக்கு மலேரியா மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

சாகஸ் விஷயத்தில் பயணத்தைவிடப் பிறப்புதான் முக்கியம். தாயிடமிருந்து கருவிலேயே குழந்தைக்குத் தொற்றக்கூடியது அது. லத்தீன் அமெரிக்காவுக்கு ஒருநாளும் போகாத கொடையாளரிடமும் இருக்கலாம். அதனால்தான் பிரிட்டனில் "உங்கள் அம்மா எங்கே பிறந்தார்?" என்று கேட்கிறார்கள். ஸ்பெயினில் லத்தீன் அமெரிக்கர்கள் நிறையக் குடியேறியிருப்பதால் 2005-இலேயே இப்படிப்பட்ட கொடையாளர்களுக்குப் பரிசோதனையை விதியாக்கிவிட்டார்கள்.

படி 3: கேள்வி கேட்பது

எந்தக் கருவியையும்விட அதிக உயிரைக் காப்பாற்றியது இந்தப் படிதான் என்பேன், என் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1963 முதல் 1999 வரை ரத்தம் ஏற்றியதால் வந்த 93 மலேரியா நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 10 பேர் இறந்தார்கள். கொடையாளரைப் பற்றிப் போதுமான விவரம் கிடைத்தது 48 பேர் விஷயத்தில். அதில் 30 கொடையாளர்களை அன்று நடைமுறையில் இருந்த விதிப்படியே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. சரியாகக் கேட்டு, சரியான பதில் வாங்கியிருந்தால் போதும்.

சரியாகக் கேட்பது என்றால் என்ன? ஒரு முகாமில் நடந்த உரையாடலை நினைவிலிருந்து எழுதுகிறேன். இருபத்தைந்து வயது இருக்கும், வாட்டசாட்டமான தம்பி. ஹீமோகுளோபின் அருமையாக இருந்தது. படிவத்தில் மலேரியா கட்டத்தில் "இல்லை" என்று குறித்திருந்தார்.

"மலேரியா வந்ததே இல்லையா தம்பி?"

"இல்லைங்க."

"சரி, குளிர் காய்ச்சல்? உடம்பு தூக்கிப் போடுற மாதிரி நடுக்கம்?"

"அது வந்துச்சு. ரெண்டு மாசம் இருக்கும். வேலைக்கு வெளியூர் போனப்போ."

"ரத்தம் எடுத்துப் பார்த்தாங்களா?"

"விரல்ல குத்தி கண்ணாடில தடவுனாங்க. மாத்திரை கொடுத்தாங்க."

"எத்தனை நாள் மாத்திரை?"

"பதினாலு நாளைக்குக் கொடுத்தாங்க. அஞ்சாறு நாள்லயே சரியாயிடுச்சு, விட்டுட்டேன்."

பதினாலு நாள் மாத்திரை என்றதுமே விஷயம் தெரிந்துவிட்டது. கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸ் மலேரியாவை ஒழிக்கக் கொடுக்கும் பிரைமாகுயின் மருந்தைத்தான் வழக்கமாக அத்தனை நாள் சாப்பிடச் சொல்வார்கள். அதைப் பாதியில் விட்டவருக்குக் காய்ச்சல் போயிருக்கும், கல்லீரலில் உறங்குவது போயிருக்காது. அது எந்த வாரம் வேண்டுமானாலும் விழித்து ரத்தத்துக்கு வரலாம். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அவரிடம் யாரும் "மலேரியா" என்ற சொல்லைச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அதனால் நோயின் பெயரைக் கேட்காதீர்கள், உடம்புக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்ததா, விரலில் குத்திப் பார்த்தார்களா, எத்தனை நாள் மாத்திரை, முழுசாகச் சாப்பிட்டீர்களா, கடந்த சில மாதங்களில் எங்கெல்லாம் இரவு தங்கினீர்கள். கடைசிக் கேள்வியில் "இரவு தங்கினீர்கள்" என்ற சொல் முக்கியம். "பயணம் போனீர்களா" என்றால் விமானமும் பாஸ்போர்ட்டும்தான் பலருக்கு ஞாபகம் வரும், வேலைக்காக மலையடிவாரத்தில் பத்து நாள் தங்கியதை அவர்கள் பயணமாகவே நினைக்க மாட்டார்கள். மலேரியா கொசு இரவில் கடிப்பது. குடியேறி வந்தவரிடம் கூடுதலாகக் கேட்க வேண்டியது: எங்கே பிறந்தீர்கள், எத்தனை வயது வரை அங்கே இருந்தீர்கள், கடைசியாக எப்போது போய்வந்தீர்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் முன்பு குடியேறியவர் போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போய்வந்திருப்பார். சொந்த ஊர்தானே என்று கொசுவலைகூட வைத்திருக்க மாட்டார்.

பாபேசியா உள்ள பகுதியில் உண்ணிக் கடியைக் கேட்டுப் பெரிய பயனில்லை. கடிக்கிற உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கடிபட்டவர்களில் பலருக்குக் கடித்ததே தெரியாது. அங்கே பரிசோதனைதான் வழி.

இன்னொன்றும் உண்டு, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். கேட்கிற இடம் தனியாக இருக்கட்டும். சொந்தக்காரர் ஆபரேஷனுக்காக ரத்தம் கொடுக்க வந்தவர், பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தால், போன மாதக் காய்ச்சலைச் சொல்ல மாட்டார். சொன்னால் ரத்தம் எடுக்க மாட்டார்கள், மாமா என்ன நினைப்பாரோ என்ற பயம். கட்டாயத்தில் கொடுப்பவரைவிடத் தானாக முன்வந்து, தவறாமல் கொடுப்பவரின் ரத்தம் பாதுகாப்பானது என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அவருக்கு மறைக்க வேண்டிய தேவையே இல்லை.

படி 4: தள்ளிவைப்பது, அதைச் சொல்கிற விதம்

நாள் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். காய்ச்சல் வெளிப்படப் போதுமான அவகாசம் கொடுப்பது ஒரு முறை. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதமான ஆன்டிபாடி உருவாகப் போதுமான அவகாசம் கொடுத்து, அப்புறம் பரிசோதிப்பது இன்னொரு முறை. பிரிட்டனில் மலேரியா பகுதியிலிருந்து திரும்பி 4 மாதம் ஆனபின் ஆன்டிபாடி பரிசோதனை செய்து நெகட்டிவ் என்றால் ரத்தம் எடுத்துக்கொள்கிறார்கள். உடனே பரிசோதித்தால் என்ன என்று கொடையாளர்கள் கேட்பார்கள். புதுத் தொற்றில் ஆன்டிபாடி இன்னும் உருவாகியிருக்காது, நெகட்டிவ் என்று வந்து நம்மை ஏமாற்றிவிடும் என்று விளக்குங்கள்.

தள்ளிவைக்கும்போது தேதியைத் தாளில் எழுதிக் கொடுங்கள். "அப்புறம் வாங்க" என்று மட்டும் சொன்னால் அவர் திரும்பி வருவது அபூர்வம், நல்ல கொடையாளர் ஒருவரை இழந்துவிடுவோம். அதைவிட மோசமான விளைவும் உண்டு. ஏன் என்று விளங்காமல் போனவர் அடுத்த முகாமில் உண்மையை மறைப்பார்.

படி 5: எந்தப் பரிசோதனை, எதை நம்பலாம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். சோற்றுக்கு அது சரி. ரத்தப் பைக்குப் பொருந்தாது, ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு பையில் 450 மில்லிலிட்டர் ரத்தம் இருக்கிறது என்று வையுங்கள். அது 4,50,000 மைக்ரோலிட்டர். தடித்த ரத்தப்பூச்சில் எண்ணெய் லென்ஸ் வழியாக நூறு வட்டம் பார்த்தால், கண்ணுக்குப் பட்ட ரத்தம் அதிகபட்சம் கால் மைக்ரோலிட்டர். அதாவது பையின் 18 லட்சத்தில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு மொத்தப் பைக்கும் நற்சான்று கொடுக்கிறோம். மைக்ரோலிட்டருக்கு ஒரே ஒரு ஒட்டுண்ணி இருந்தால் ஸ்லைடில் ஒன்றுகூடத் தெரியாமல் போவது சகஜம். அப்போதும் பையில் நான்கரை லட்சம் ஒட்டுண்ணிகள் இருக்கும். நோய் தொற்றுவதற்குச் சில பத்து ஒட்டுண்ணிகளே போதும்.

சில நிமிடங்களில் முடிவு காட்டும் ரேப்பிட் கார்டும் இதே மாதிரிதான். மைக்ரோலிட்டருக்கு நூறு ஒட்டுண்ணி அளவில்தான் அதை நம்பலாம். அந்த அளவில் பையில் நான்கரைக் கோடி இருக்கும். காய்ச்சலோடு வரும் நோயாளிக்காகச் செய்த கார்டு அது, நோயாளியிடம் நன்றாக வேலை செய்யும். அறிகுறி இல்லாத கொடையாளரிடம் ஒட்டுண்ணி எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் தவறவிடும். அதிலும் இரண்டு பொறிகள் உண்டு. கார்டு தேடும் எச்ஆர்பி2 புரதம், நோய் குணமாகிச் சில வாரங்கள் வரை ரத்தத்தில் மிதக்கும், குணமானவருக்கும் பாசிட்டிவ் காட்டும். இன்னொரு பக்கம், அந்தப் புரதத்துக்கான மரபணுவையே இழந்துவிட்ட ஃபால்சிபாரம் (மலேரியாவின் இன்னொரு வகை) ஒட்டுண்ணிகள் சில பகுதிகளில் இருக்கின்றன. அவற்றைக் கார்டு பார்க்கவே பார்க்காது. அதுபோக, இந்தப் புரதம் ஃபால்சிபாரத்துக்கு மட்டுமே உரியது, அதை மட்டும் தேடும் கார்டு வைவாக்ஸைக் காட்டாது.

இப்படிச் சொல்வதால் ஸ்லைடும் கார்டும் வீண் என்று ஆகாது. அதிக ஒட்டுண்ணி உள்ள பைகளை அவை பிடித்துவிடுகின்றன, வேறு வசதி இல்லாத இடத்தில் அதுவே பெரிய காப்பு. மூன்றாம் படியில் கேள்வியைச் சுருக்கிக்கொள்ள அவற்றைச் சாக்காகக் காட்டக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

மரபணுப் பொருளைத் தேடும் நேட் பரிசோதனை இவற்றைவிடப் பல மடங்கு நுட்பமானது. இங்கே முதல் படி மறுபடி வருகிறது. வைரஸுக்கான நேட் பரிசோதனையைப் பிளாஸ்மாவில், அதாவது அணுக்களை நீக்கிய திரவப் பகுதியில், செய்வோம். மலேரியாவும் பாபேசியாவும் சிவப்பணுவுக்குள் இருப்பவை, பிளாஸ்மாவில் தேடினால் கிடைக்காது. முழு ரத்தத்தை எடுத்து, அணுக்களை உடைத்து, அதில்தான் தேட வேண்டும். மாதிரிக் குழாயே வேறு. புதிதாக இந்தப் பரிசோதனையைத் தொடங்கும் லேப்கள் குழாய், லேபிள், எடுத்துப்போகும் ஏற்பாடு எல்லாவற்றையும் முதலிலேயே தனியாகத் திட்டமிட வேண்டும். பாதியில் யோசித்தால் குழப்பம்தான். இந்தப் பரிசோதனைகள் பல ஒட்டுண்ணியின் ரைபோசோம் ஆர்என்ஏயைத் தேடுகின்றன. ஒரே ஒட்டுண்ணியில் அது ஆயிரக்கணக்கில் இருப்பதால் கண்டுபிடிப்பது எளிது. கொடையாளர் ரத்தத்தில் மலேரியாவைத் தேட இப்படியொரு பரிசோதனைக்கு அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி கிடைத்தது 2024-இல்தான்.

பாபேசியாவில் அமெரிக்கா காட்டிய பாதை தெளிவானது. 2012 முதல் 2014 வரை நான்கு மாநிலங்களில் 89,153 தானங்களைச் சோதித்ததில் 335 பாசிட்டிவ் வந்தன. அவற்றில் 67 பைகளில் ஒட்டுண்ணியின் மரபணுப் பொருளே இருந்தது. அந்த 67-இல் 9 பேருக்கு ஆன்டிபாடி இன்னும் உருவாகவில்லை. ஆன்டிபாடியை மட்டும் பார்த்திருந்தால் அந்த 9 பைகளும் நோயாளிகளுக்குப் போயிருக்கும். சோதித்து அனுப்பிய ரத்தத்தால் ஒருவருக்கும் பாபேசியா வரவில்லை. 2019-இல் உண்ணிகள் மிகுந்த 14 மாநிலங்களிலும் வாஷிங்டன் தலைநகரிலும் ஆண்டு முழுவதும் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

சாகஸில் நிலைமை தலைகீழ். நாட்பட்ட தொற்றில் ரத்தத்தில் ஒட்டுண்ணி மிக அரிது, ஆன்டிபாடி நிலையாக இருக்கும். எனவே ஆன்டிபாடிதான் தேட வேண்டியது. அமெரிக்காவில் 2007 தொடக்கத்தில் பெரிய ரத்த வங்கிகள் இதைத் தொடங்கின. உள்ளூரில் புதிதாகத் தொற்றுவது அபூர்வம் என்பதால் ஒரு கொடையாளருக்கு ஒருமுறை சோதித்தால் போதும் என்று பின்னர் முடிவு செய்தார்கள்.

படி 6: பையில் செய்யக்கூடியவை

வெள்ளையணு வடிகட்டி: வெள்ளையணுவில் இருக்கும் லீஷ்மேனியாவையும் டாக்ஸோபிளாஸ்மாவையும் பெருமளவு குறைக்கும். சிவப்பணுவுக்குள் இருக்கும் மலேரியாவையும் பாபேசியாவையும் தொடக்கூடச் செய்யாது. "ஃபில்டர் போட்ட ரத்தம், பயமில்லை" என்று வார்டில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எதற்குப் பயமில்லை என்று திருப்பிக் கேளுங்கள்.

உறைய வைத்த பிளாஸ்மா: மலேரியா, பாபேசியா இரண்டையும் பொறுத்தவரை கவலை இல்லை, உறைதலில் ஒட்டுண்ணி சாகிறது. அதனால்தான் மலேரியா பகுதிக்குப் போய்வந்தவரிடம், மருந்து தயாரிப்புக்கான பிளாஸ்மாவை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஆனால் கிளிசரால் சேர்த்து உறைய வைத்த சிவப்பணுவில் இந்த நம்பிக்கை வேண்டாம். சிவப்பணுவைக் காக்கும் கிளிசரால் உள்ளே இருக்கும் ஒட்டுண்ணியையும் காத்துவிடும்.

பிளேட்லெட்: அறை வெப்பத்தில் வைப்பதால் சாகஸ் ஒட்டுண்ணிக்கு வசதி. சாகஸ் உள்ளூரில் பரவாத நாடுகளில் பதிவான சாகஸ் தொற்றுகளில் பிளேட்லெட்தான் அதிகம் அடிபடுகிறது. சிறிதளவு சிவப்பணு கலந்திருப்பதால் மலேரியாவும் அதில் போகும்.

கதிர்வீச்சு: நோயாளியின் உடம்பைத் தானமாக வந்த வெள்ளையணு தாக்காமல் தடுக்கத் தரும் அளவு அது. ஒட்டுண்ணியைக் கொல்லும் என்று எண்ண வேண்டாம்.

கிருமியைச் செயலிழக்கச் செய்யும் முறைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. சாகஸ் ரத்தத்தின் வழியே பரவுவது 1950-களின் தொடக்கத்தில் பிரேசிலில் உறுதியானபோது, பரிசோதனை வசதி பரவலாக இல்லை. 1953-இல் விக்டர் நுசன்ஸ்வைக், ரூத் நுசன்ஸ்வைக் உள்ளிட்டோர் ஜென்ஷியன் வயலட் சாயத்தை ரத்தப் பையில் கலந்து ஒரு நாள் குளிரில் வைத்தால் ஒட்டுண்ணி செத்துவிடும் என்று காட்டினார்கள். ரத்தம் ஊதா நிறமாகிவிடும், ஏற்றிக்கொண்டவரின் தோலிலும் சாயம் தெரியும். என்றாலும் லத்தீன் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் அது உயிர்களைக் காத்தது. வசதி இல்லாத இடத்தில் கையில் இருந்த சாயத்தை வைத்து ஒரு வழி கண்டார்களே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வருகிறது.

இன்றைய முறைகளில் அமோட்டோசாலன் மருந்தோடு புற ஊதா ஒளியும், ரிபோஃபிளேவின் வைட்டமினோடு புற ஊதா ஒளியும் பயன்படுகின்றன. முதலாவது பிளேட்லெட்டுக்கும் பிளாஸ்மாவுக்கும் அமெரிக்காவில் 2014 முதல் அனுமதி பெற்றது. இரண்டாவதை முழு ரத்தத்திலேயே கானாவில் சோதித்தார்கள், 2016-இல் முடிவு வெளியானது. ஒட்டுண்ணி உள்ள ரத்தத்தைப் பெற்றவர்களில், ஒளியூட்டாத ரத்தம் ஏற்றிய 37 பேரில் 8 பேருக்கு மலேரியா தொற்றியது. ஒளியூட்டிய ரத்தம் ஏற்றிய 28 பேரில் ஒருவருக்குத்தான் தொற்றியது. ஊரெல்லாம் மலேரியா இருந்து கொடையாளரைத் தள்ளிவைக்க முடியாத இடங்களுக்கு நான் பெரிதும் எதிர்பார்ப்பது இந்தப் பாதையைத்தான்.

படி 7: ஏற்றுவதற்கு முன்

ஏற்றாத ரத்தத்தால் எந்த ஒட்டுண்ணியும் வராது. ஒரே ஒரு யூனிட்டை "சும்மா தெம்புக்கு" என்று எழுதும் பழக்கத்தை விடுங்கள். இரும்புச்சத்து மருந்தில் சரியாகக்கூடிய சோகைக்கு ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை.

மண்ணீரல் எடுக்கப்பட்டவர், குறைமாதக் குழந்தை, முதியவர், கர்ப்பிணி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர் ஆகியோருக்கு பாபேசியாவும் மலேரியாவும் உயிருக்கே உலை வைக்கும். பரம்பரை ரத்த நோயான தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு மாதா மாதம் ரத்தம், பலருக்கு மண்ணீரலும் எடுத்திருப்பார்கள். இருக்கிற பைகளில் அதிகம் சோதிக்கப்பட்ட பை இவர்களுக்குப் போகட்டும்.

படி 8: ஏற்றிய பிறகு வரும் காய்ச்சல்

ரத்தம் ஏற்றும்போதே வரும் நடுக்கத்தை எல்லோரும் கவனிப்பார்கள். ஒட்டுண்ணிக் காய்ச்சல் அப்போது வராது. ஃபால்சிபாரம் ஒன்றிரண்டு வாரத்தில் வரலாம், பிளாஸ்மோடியம் மலேரியே இன்னும் தாமதமாகும். பாபேசியா ஒன்று முதல் ஒன்பது வாரம், சிலருக்கு ஆறு மாதம். சாகஸ் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரம். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது வேறு மருத்துவரிடம் போயிருப்பார். ஆபரேஷன் புண்ணில் சீழ் என்றோ கீமோதெரபியின் விளைவு என்றோ நினைத்து ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மலேரியா பரவாத நாட்டில் மலேரியாவை யார் நினைப்பார்கள்? இதில் போகும் நாட்கள்தான் உயிரைக் கொண்டுபோகின்றன.

ஆகவே டிஸ்சார்ஜ் தாளில் "இந்தத் தேதியில் ரத்தம் ஏற்றப்பட்டது, ஆறு மாதத்துக்குள் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் இந்தத் தாளைக் காட்டவும்" என்று ஒரு வரி எழுதுங்கள். வார்டில் இருப்பவர்களுக்கு விதி எளிது: சமீபத்தில் ரத்தம் ஏற்றியவருக்குக் காய்ச்சலோடு ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் குறைந்தால், அன்றே ஒரு ரத்தப்பூச்சு (ஸ்மியர்) பாருங்கள். நோயாளியிடம் ஒட்டுண்ணி நிறைய இருக்கும், ஸ்லைடே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. ரத்தம் வழியாக வந்த வைவாக்ஸ் மலேரியா கல்லீரலுக்குப் போகாது, அங்கே போகும் பருவம் கொசு கடித்தால் மட்டுமே உடம்பில் நுழைவது. எனவே இந்த நோயாளிக்குக் கல்லீரலில் உறங்குவதை ஒழிக்கும் பிரைமாகுயின் தேவையில்லை. ரத்தத்தில் இருப்பதைக் கொன்றால் போதும்.

உறுதியானதும் அதே மணி நேரத்தில் ரத்த வங்கிக்குத் தெரிவியுங்கள். ரத்த வங்கி செய்ய வேண்டியவை: அந்தத் தானத்திலிருந்து பிரித்த மற்றப் பைகள் எங்கே என்று தேடி, இன்னும் ஏற்றாதவற்றை நிறுத்தி வைப்பது. ஏற்றியிருந்தால் அந்த நோயாளிகளின் மருத்துவர்களுக்குச் சொல்வது. அதே கொடையாளரின் முந்தைய தானங்களையும் பின்னோக்கித் தேடுவது, சாகஸ் என்றால் பல ஆண்டுகள் பின்னோக்கி. அப்புறம் நோயாளிக்கு ரத்தம் கொடுத்த அத்தனை கொடையாளர்களையும் அழைத்துப் புதிதாக மாதிரி எடுத்துச் சோதிப்பது.

அந்தக் கொடையாளரை அழைக்கும்போது குரலில் குற்றச்சாட்டு வேண்டாம். அவர் நல்ல மனதோடு வந்து கை நீட்டியவர். தன் உடம்பில் ஒட்டுண்ணி இருப்பது அவருக்கும் அன்றுதான் தெரியும். உட்கார வைத்து, என்ன நோய், என்ன மருந்து, வீட்டில் வேறு யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லுங்கள். சாகஸ் பாசிட்டிவான பெண்ணாக இருந்தால் அவர் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும், இதயத்துக்கு இசிஜி எடுக்க வேண்டும். சிகிச்சைக்கு யாரிடம் போவது என்று வாயால் சொல்லி அனுப்பாமல் கடிதம் எழுதிக் கையில் கொடுங்கள். ஒரு வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தாரா என்று நீங்களே போன் செய்து கேளுங்கள்.